நேர்ந்த முடி

பக்தவத்சலத்தின் தலைமுடி திருத்தணி முருகனுக்குச் சொந்தம். மஞ்சள் காமாலையில் அவன் கிடந்தபோது மனைவி பஞ்சவர்ணம் வேண்டிக்கொண்டது. அவன் எழுந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதுமே, "எப்பங்க போலாம்?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது எழுபத்து மூன்றாம் வருஷம். காதை மூடும் கிராப்பு இல்லாதவனை மனிதனாகவே மதிக்காத காலம். பி.ஏ. படித்தவன், மொட்டைத் தலையோடு ஆபீஸுக்குப் போகக் கூச்சப்பட்டான். தையில் பார்க்கலாம் என்றான். தை வந்ததும் ஆடிக் கிருத்திகைக்கு என்றான். ஆனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்காக வேண்டிக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. போய்விட்டாள்.

பாடை கிளம்புமுன் நாவிதர் கத்தியோடு வந்தார். மாமியார் கன்னியம்மா அழுகையை நிறுத்திக் குறுக்கே வந்தாள்.

"மீசையோட நிறுத்துப்பா. தலை சாமிக்கு நேர்ந்துகினது. என் பொண்ணு வாய்ல வந்த சொல்லு."

துக்க வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது. அதுவரை முடியைக் காப்பாற்றியாக வேண்டும். அவளுக்குச் செய்ய அவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

ஐப்பசியில் கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், சோப்பு நுரையில் எல்லாம் முடி. அவன் அப்போது பட்டாபிராம் ஸ்டேஷன் டீக்கடையின் டீயிலும் பன்னிலும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தான். ஒரு வயிற்றுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வரவில்லை.

கூட வேலை செய்த தசரதன்தான் மீன் எண்ணெய் மாத்திரையைச் சொன்னான். "ஒண்ணு போதும் மச்சான், கார்த்தால." ஒன்றுக்கே பலன் இருந்தால் கைநிறைய விழுங்கினால் எவ்வளவு இருக்கும் என்று இவன் கணக்குப் போட்டான். வேளைக்கு வேளை விழுங்கினான். உதடு வெடித்தது. தோல் உரிந்தது. தலைவலி விடவில்லை. முடி முன்னைவிட வேகமாகக் கொட்டியது. மாத்திரையை இன்னும் கூட்டினான்.

"இன்னா மாமே, மொட்ட போடப்போற தலைக்கு இம்மாம் சிங்காரமா?" என்று சிரித்த தசரதன், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "சரி, வா. டாக்டராண்ட போலாம்."

டாக்டர் உதட்டையும் நகத்தையும் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னான்.

"துக்கத்துல கொட்டும். பட்டினியிலயும் கொட்டும். ரெண்டுமே சில மாசம் கழிச்சுத்தான் தலையில தெரியும். அது தானா வளர்ந்திருக்கும். நீங்க இந்த மாத்திரையை அள்ளிப் போட்டு இன்னும் கொட்ட வெச்சிருக்கீங்க. இதுல ஏ வைட்டமின் இருக்கு. மிஞ்சினா அதுவே முடியைத் தள்ளிடும்."

"நிறுத்தினா வருமா சார்?"

"பெரும்பாலும் வரும். பருப்பு, முட்டை, கீரைன்னு வயிறு நிறையச் சாப்பிடுங்க. ஆனா உங்க அப்பாவுக்கு வழுக்கை இருந்ததுன்னா, முன்நெத்தியில போனதுக்கு நான் பொறுப்பில்லை."

அப்பாவுக்கு வழுக்கைதான். இவன் கூச்சப்பட்டுக் காப்பாற்றிவைத்த கிராப்பு, எப்படியும் போகவேண்டியது.

சேதி கேட்டுக் கன்னியம்மா கள்ளிக்குப்பத்திலிருந்து முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்புமாக வரத் தொடங்கினாள். "துன்னு மாப்ளே. அவ ஆக்கிப்போட்டதா நெனச்சுக்க." அப்படி நினைத்தால் இறங்கவில்லை. நினைக்காமல் தின்றான்.

வருஷம் திரும்பியதும் மாமியாரோடு மலையேறினான். மொட்டை போடுகிற இடத்தில் தரையெல்லாம் கறுப்புக் குவியல். அவன் தலையில் பக்கங்களில் கொஞ்சமும், நடுவில் விரல் நகத்தளவு புதுமுடியும் இருந்தன. நாவிதர் தண்ணீர் தடவிவிட்டு நின்றார்.

"இத்துக்கா இம்மாந்தூரம் வந்தே? இன்னும் கொஞ்சம் வளரவுட்டு வந்திருக்கலாமில்ல?"

"போனவருஷம் நெறைய இருந்துச்சு" என்றான்.

கத்திக்கு வேலையே இல்லை. சட்டென்று முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒருத்தி, புருஷன் மொட்டையில் சந்தனத்தைப் பூசி, அவன் நெளிவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்தவத்சலம் தானே குழைத்துத் தானே பூசிக்கொண்டான்.

மருமகனின் தலையைத் தொடக் கூடாதென்று கன்னியம்மா எட்டவே நின்றாள்.

"பின்னாடி உட்டுப்போச்சு மாப்ளே."

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான்.

"அங்க இல்ல. இன்னும் கீழ."