தோள்பட்டையில் ஈரம்

"மாமா, அந்த மழைக்கோட்டுக்குள்ள பழைய பேப்பர அடைச்சு, குழாய்க்கடியில தொங்க விடு. நனையலைன்னா போட்டுக்கிறேன்."

அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் டெஸ் மாமாவிடம் கேட்கவே கூடாதென்று அம்மா நூறு முறை சொல்லியிருந்தாள். நியூசிலாந்தின் ஃபியோர்ட்லாண்டில் மான் கத்தும் பருவத்துக்கான வேட்டைக் குலுக்கலில் ஒரு மலைப்பகுதி விழுந்தது அவர் பெயருக்கு. பத்து நாளைக்கு அங்கே வேறு யாரும் வேட்டையாட முடியாது. அங்கே போகும் ஹெலிகாப்டரில் யார் யார் ஏறுவது என்பதும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஏழு வருஷம் கேட்டு இப்போதுதான் எனக்கு இடம் கிடைத்திருந்தது.

புதிதாகச் சேருகிறவர் முதல் வருஷம் தலைவரின் பழைய கோட்டைத்தான் போட வேண்டும். ராசியாம். போன ஏப்ரலில் அந்த ராசியைப் போட்டுக்கொண்டு போன என் தம்பி ஜோயல் குளிரில் நாக்குக் குழறி, ஒன்றரை நாள் கூடாரத்தில் சுருண்டு கிடந்தான். பையனுக்குத் தெம்பு போதாது என்று சொல்லிவிட்டார்கள். கோட்டை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கத்தி தீட்டிக்கொண்டிருந்த மாமாவின் கூட்டாளி வாரிக் சிரித்தார். "யூனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா, நைரீ?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதை ஒரு வியாதியின் பெயர் மாதிரிதான் சொல்வார்கள்.

"சோப்புத்தூள்ல துவைச்சா இந்தத் துணி தண்ணியக் குடிக்கும்னு சொல்லிக் குடுத்தாங்க. மாமா வருஷா வருஷம் அதுலதான துவைக்கிறாரு?"

"பின்ன? ரத்த வாடைக்கு மான் ஓடிராதா?" என்றார் மாமா.

"சோப்புத்தூளோட லாவெண்டர் வாசனைக்கு நின்னு கும்பிடுமா?"

ரோஷத்தில் அவரே பேப்பரை அடைத்துக் கோட்டைத் தொங்கவிட்டுக் குழாயைத் திறந்தார். இருபது நிமிஷம். வெளியே எடுத்தபோது, மூட்டை வார் உரசும் இரண்டு தோளிலும் பேப்பர் கூழாகியிருந்தது.

"உள்ள வேர்த்திருக்கும்."

"பேப்பருக்கா மாமா?"

வாரிக் குனிந்து கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

"என் வண்டில மாட்டுப்பண்ணை ரப்பர் கோட்டு இருக்கு. அதப் போட்டுட்டு வர்றேன்" என்றேன்.

"பால் கறக்கவா போற?" வாரிக்குக்கு மறுபடி உயிர் வந்தது. "அது சரசரக்கிற சத்தத்துக்கு மானெல்லாம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிரும்!"

"அந்த மழைல மானுக்கு மழை மட்டும்தான் கேக்கும்."

ரப்பர் கனம்தான், உள்ளே வேர்க்கும்தான். ஏறும்போது அதை மூட்டையில் கட்டிவிட்டுக் கம்பளிச் சட்டையோடு நனைவேன். நனைந்தாலும் கம்பளி சூடு காக்கும். மேலே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து தொலைநோக்கியில் மானைத் தேடித் துழாவும்போதுதான் உயிர் போகும் குளிர். அப்போது ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாமா ஈரக் கோட்டை என் முன்னால் போட்டார். "என் கூட வர்றவங்க இதத்தான் போடணும். இல்லன்னா வீட்ல கெட."

"வீட்ல ஏன் கெடக்கணும்? கிழக்கால பள்ளத்தாக்குக்குக் குலுக்கல் கிடையாது. கேட்டா யாருக்கும் அனுமதி குடுப்பாங்க. நடந்தே போறேன்."

"அங்க மான் கம்மிடி."

"தெரியும்."

ஹெலிகாப்டருக்காக எடை போட்டு அடுக்கியிருந்த மூட்டைகளிலிருந்து என்னுடையதை உருவினேன். வாரிக் காலை நகர்த்தி வழிவிட்டார். மூட்டையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.