யாரையும் பகைக்காத பேராயர்

க்ளோவிஸ் ஹார்கெட் பேராயரானது இருபத்து மூன்றாவது சுற்று வாக்கெடுப்பில். ஜூலை வெயில், மண்டபத்தில் மின்விசிறியும் ஓடவில்லை. இரண்டு பெரிய போதகர்கள் விட்டுக்கொடுக்காமல் மோதிக்கொண்டிருந்தார்கள். சலித்துப்போன பிரதிநிதிகள் மூன்றாவதாக ஒருவரைத் தேடினார்கள். ஹார்கெட்டுக்கு எதிரிகளே இல்லை. எதைப் பற்றியும் அவர் கருத்துச் சொன்னதில்லை, எதிரி எப்படி வருவான்?

"கர்த்தர் என்னை அழைச்சிருக்கார், லியோட்டா!" என்று மனைவியிடம் கண்கலங்கினார்.

"கர்த்தர் இல்லைங்க. அவங்களுக்குப் பசி," என்றாள் அவள்.

அன்று முதல் இருபத்து நான்கு வருடம் அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான், ஐடெல்லா. அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவின் மெதடிஸ்ட் சபைகளிலிருந்து என்ன கேட்டு எழுதினாலும் பதில் ஒன்றுதான்: 'இதை ஜெபத்தில் வைப்போம்.' கூரை ஒழுகினாலும் அதுதான், பாடகர் குழுவுக்குள் கைகலப்பானாலும் அதுதான். கடைசியில் அவர் சொல்வதற்கு முன்பே நான் அடித்து வைத்துவிடுவேன்.

1961இல், வெள்ளையர் மட்டுமே வரும் பிண்டர் ஊர் சபையில் விவகாரம் வெடித்தது. ஞாயிறு ஆராதனைக்கு வந்த ஒரு கறுப்பினத்து ஆசிரியையை, வெல்டன் ப்ரை என்ற இளம் போதகர் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். சபையில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். மறுநாளே அவரை நீக்கச் சொல்லி நாற்பது கையெழுத்துகளோடு மனு வந்தது. பேராயர் வெல்டனை அழைத்தார்.

"ஐயா, நான் செஞ்சது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

"காபி குடிச்சியா தம்பி? மிஸ் ஐடெல்லா, தம்பிக்கு அந்தப் பீச் கேக்கும் ஒரு துண்டு."

"கேக் வேண்டாங்கய்யா. பதில் வேணும்."

பேராயர் ஜன்னல் வழியே ஒரு அணிலை நெடுநேரம் பார்த்தார். "வடக்கே மலையில ஒரு சபை இருக்கு. பதினொரு பேர். உன் ஆஸ்துமாவுக்கு அந்தக் காத்து நல்லது."

"எனக்கு ஆஸ்துமாவே இல்லையே!"

"வந்துடக் கூடாதேன்னுதான் சொல்றேன்."

வெல்டன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா." நான் மாற்றல் கடிதத்துக்கான தாளை இயந்திரத்தில் செருகிக்கொண்டிருந்தேன். வெல்டன் ஒரு வருடம் மலையில் இருந்தார். பிறகு அங்கியைக் கழற்றிவிட்டு ஒஹாயோவில் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார்.

காலம் மாறியது. வெளியே போனவர்களின் பிள்ளைகளே, தாங்கள் அன்று முன்வரிசையில் அந்த ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லத் தொடங்கினார்கள். பேராயர் ஓய்வுபெற்ற வருடம், ஒரு கல்லூரி அவருக்கு, 'கடினமான காலத்தில் காட்டிய துணிவுக்காக' கௌரவப் பட்டம் தருவதாக எழுதியது. அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"ஏற்புரையில அந்தப் பிண்டர் போதகரைப் பத்திச் சொல்லணும், மிஸ் ஐடெல்லா. ஆபத்திலிருந்து அவனை நான் காப்பாத்தினேனே!"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே நம்பினார்.

"நீங்க அவரைத் துரத்துனீங்க ஐயா. கடிதத்தை அடிச்சவ நான்தான்."

முகம் வாடி, குரலை இறக்கினார். "இதை ஜெபத்துல வைப்போம்."

"வைங்க. உரையை நான் அடிச்சுத் தரமாட்டேன்."

நான்கு நாள், ஒற்றை விரலால் தானே அடித்தார். வெல்டனின் பெயரை 'வால்டன்' என்று அடித்திருந்தார், மேடையிலும் அப்படியே வாசித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. லியோட்டா மடியில் கைப்பையை இறுகப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து தட்டினேன். எல்லாரும் பார்க்கிறார்களே.