சொல்லுக்குள் இருந்தவர்கள்

அடிமைகள். முதலில் அவர்கள் மட்டும்தான் அந்தச் சொல்லுக்குள் இருந்தார்கள். எஜமானின் மனைவியும் பிள்ளைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு, முன்பே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

கோபிசெட்டிபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கும்போதும் மயிலாவதி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வார நாட்களில் விடுதியில் தங்கி, பீளமேட்டில் ஒரு கல்லூரியில் அவள் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். திங்கட்கிழமைப் பாடம் குடும்பம். நூலகத்துப் பெரிய அகராதியில் பார்த்தாள். பிரெஞ்சில் ஃபமீய், ஜெர்மனில் ஃபமீலியே, ஸ்பானிஷில் ஃபமீலியா. எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. லத்தீனில் ஃபமுலுஸ் என்றால் வீட்டு ஏவல் செய்யும் அடிமை. ஒரு வீட்டு அடிமைகள் மொத்தமும் சேர்ந்தால் ஃபமிலியா. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை யாரோ அச்சில் போட்டிருப்பதுபோல் இருந்தது. கணவன் இறந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய இந்த இரண்டு வருடத்தில், சனி ஞாயிறு அடுப்படி முழுக்க அவளுடையதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் செங்கோட்டையனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன் இணைச்சீர். கூடப்பிறந்தவள் பேழைமூடி என்கிற மூங்கில் கூடைமூடியை ஏந்தி மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பாள். என்ன வந்தாலும் உன்னை விட மாட்டேன் என்று அண்ணன் சபை முன்னால் ஒப்புக்கொள்ளும் சீர் அது. அண்ணனுக்கு அவள் ஒரே தங்கை. கணவனை இழந்தவள் அதைச் செய்வதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அண்ணன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்பான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அம்மா காளியாத்தாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அம்மணி, சித்தப்பா ஊட்டு ரங்கநாயகி இணைச்சீர் செய்யட்டும்னு பேசியாச்சு."

"பேசியாச்சுங்களாண்ணா?"

"ஆனா அவ மாட்டேங்கறா. அக்கா இருக்கறப்ப நான் எப்படி நிக்கறதுன்னு ஒரே அழுகை. நாளைக்குக் கல்யாணம் நடத்தி வெக்கற அருமைக்காரர் வாராரு. அவரு முன்னால நீயே சொல்லிப்போடு கண்ணு. எனக்கு வேண்டாம், அவளே செய்யட்டும்னு. அப்பறம் ஒருத்தரும் நம்மளக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"உங்களுக்கு நான் நிக்கோணும்னு இருக்குதுங்களா?"

அவன் முறத்திலிருந்த காய்களைப் பார்த்தான். "பொண்ணூட்டுக்காரங்க ஒத்துக்கோணுமில்ல?"

"நாலு பாசை படிச்சவளுக்கு இது புரியாதாக்கும்" என்றாள் அம்மா. "உங்கப்பன் போனதுல இருந்து நானும் ஒதுங்கித்தான நிக்கறேன்? பெத்தவ நானே எட்ட நின்னுதான் பாக்கோணும்."

"உங்களுக்கு வலிக்கலீங்களாம்மா?"

அம்மா ஒரு காயின் நாரை இழுத்தாள். அது பாதியில் அறுந்தது.

"நம்ம ஃபேமிலிக்குள்ள இதெல்லாம் ஒரு பேச்சா?" அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "ஒரே ஒரு வார்த்தை, அம்மணி."

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை ரங்கநாயகிதான் நிற்பாள். வரப்போகும் அண்ணிக்கு அடுப்படி போகும். அதன்பின் இந்த வீட்டில் எங்கே உட்காருவது என்பதையும் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும். எல்லாம் ஏற்கெனவே முடிவானதுதான். அவள் சேர்த்துத் தரவேண்டியது தன் சம்மதம் மட்டும்.

"நான் மண்டபத்துப் பக்கமே வரலீங்கண்ணா. ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள் மெதுவாக. "எனக்கு வேண்டாம்னு மட்டும் சொல்ல மாட்டேனுங்க."