ஏழு நாற்பது வண்டி வரும்வரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ரயில் நிலையத்தில் இருநூறு பேரோடு நின்று, ஒலிபெருக்கியில் ஓசியில் கேட்டேன். கேட்டு ஆறு வருஷமாகிறது. ஆறு வருஷமும் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "அவள் தியாகத்தின் திருவுருவம்." (அடித்துவிட்டேன். கதாநாயகி படித்தால் என்னை அடிக்க வருவாள்.)

தொடக்கம் இரண்டு: "ஒரு வயிறு, இரண்டு தாய்கள், ஒரு…" (இது கதையா, சினிமா விளம்பரமா?)

தொடக்கம் மூன்று: ஒரு ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற ஒருத்தி இருந்தாள்.

சரி, இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

2

இருந்தாள் என்ன, இன்றும் இருக்கிறாள். முதல் நடைமேடையின் கோடியில், படிக்கட்டுக்குக் கீழே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு சுவிட்ச். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் கோபத்தில் நிற்பவன்கூடக் கொஞ்சம் தணிவான். மைக்கை அணைத்துவிட்டால் வேறு குரல். "எவன்டா அது தண்டவாளத்துல இறங்குறது? கால ஒடிச்சிருவேன்!" எல்லோருக்கும் அவள் மைக்கக்கா.

அவளிடம் ஒரே குறை, சுவிட்சை அணைக்க மறந்துவிடுவாள். மாதம் ஒரு தடவையாவது மறப்பாள். ஒருமுறை கணவரோடு போனில் "பால் வாங்கி வெச்சியா இல்லையா" என்று போட்ட சண்டையை நான்கு நடைமேடைகளும் கேட்டன.*

(* வாங்கி வைக்கவில்லை. மறுநாள் பயணிகள் விசாரித்தார்கள்.)

அந்த நிலையத்தில் தினமும் காலை ஏழு நாற்பது வண்டியில் வந்து இறங்குவாள் ஒருத்தி. பக்கத்து அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல், மூன்று வண்டிகளை விட்டுவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மைக்கக்கா இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் தொண்டை கிழியக் கத்துறது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா."

"அப்புறம் என்ன கேடு?"

அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. கர்ப்பப்பையை எடுத்து நாலு மாதமாகிறது. அவளுடையதும் கணவருடையதுமான கரு ஒன்று ஆஸ்பத்திரியில் உறையவைத்துப் பத்திரமாக இருக்கிறது. சுமக்கத்தான் இடமில்லை.

மைக்கக்கா பத்து நாள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பதினோராம் நாள், குடையை இரவல் தருகிற மாதிரி சொன்னாள்: "என் வயிறு சும்மாதானே கெடக்கு. ரெண்டும் சுகப்பிரசவம். டாக்டரக் கேட்டுச் சொல்லு."

மைக்கக்காவின் கணவர் முடிவெட்டுபவர். கத்தரிக்கோலைக் கீழே வைத்து யோசித்தார். "அப்ப நான் சமைக்கணும், அவ்வளவுதானே? நம்ம பிள்ளைங்கதான் பாவம்."

3

இங்கேதான் எனக்கே கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா? வாசகர்கள் நம்ப வேண்டுமே என்று, என்றோ ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவளாக அவளை எழுதிவைத்தேன். படித்துவிட்டு மைக்கக்கா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"எதுக்குடி எனக்கு ஒரு செத்த பிள்ளைய எழுதி வெச்சிருக்கே?"

"காரணம் வேணும்கா. கேப்பாங்க."

"டீ வாங்கிக் குடுத்தப்ப எவனாவது காரணம் கேட்டானா? நீ அழுதே, என்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். இன்னொண்ணு, வாடகைத்தாய்னு எங்கயாவது எழுதினே, தெரியும் சேதி. வாடகைக்கு விட நான் என்ன சைக்கிளா?"

இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பிழை திருத்துகிறவள் நான்தான். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது. இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே போய்க்கொள்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

4

கரு தங்கியது. வயிறு மேஜையை இடிக்க ஆரம்பித்ததும் மைக்கை அரையடி இழுத்து வைத்தார்கள். பிழை திருத்துகிறவள் தினமும் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே அந்த அறைக்குப் போவாள். வயிற்றைத் தொட்டு "வந்துட்டேன்டா" என்பாள். அப்புறம்தான் வேலை.

சந்தோஷம்தான். ஆனால் சொல்லக் கூசுகிற பயம் ஒன்றும் கூடவே வளர்ந்தது. எதிரில் இருக்கும்போது மைக்கக்கா "உன் பிள்ள உதைக்குதுடி" என்பாள். தனியாக இருக்கும்போது அந்த வயிற்றிடம் என்ன சொல்வாள்? நாள் முழுக்க அந்தக் குரலைக் கேட்டே வளர்கிற உயிர். "அம்மா இருக்கேன்டா கண்ணு" என்று ஒரு தடவையாவது சொல்லமாட்டாளா? சொன்னால் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அவ்வளவு பயமாக இருந்தது.

(ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன்: "ஒருநாள் அவள் அந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்க…" வேண்டாம், முடிக்கவில்லை. நின்றேன் என்பது தெரிந்தால் போதும். தடித்த கதவு. ஒன்றும் கேட்கவில்லை.)

5

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரி, மழை, கையில் குழந்தை. (அன்று மழை பெய்யவில்லை.)

முடிவு இரண்டு: மைக்கக்கா குழந்தையைத் தரமாட்டேன் என்கிறாள். (தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்து: "அடிப்பாவி!")

நடந்தது இது. பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அச்சகத்தில் அவசர வேலை என்று பிழை திருத்துகிறவள் ஒரு வண்டி முன்னதாகவே வந்துவிட்டாள். மைக்கக்காவுக்கு அது தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு அறைக்குப் போகலாம் என்று மூன்றாவது நடைமேடையிலேயே நின்றிருந்தபோது ஒலிபெருக்கி பேசியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழு நாற்பது வண்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது…"

குரல் நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். "ஐயோ." ஒரு நீண்ட மூச்சு. சுவிட்ச் அணையவில்லை.

"இருடா தங்கம், இருடா. பன்னண்டு நாள் கெடக்கே, என்ன அவசரம்? சரி, வர்றதுன்னா வா. அஞ்சே நிமிஷம் மட்டும் பொறுத்துக்கோ. உங்கம்மா ஏழு நாப்பது வண்டியிலதான் வருவா. தினம் வந்து உன்னத் தொடுறாளே, அவதான். அவ வராம உன்ன எப்படிடா எறக்கி விடுறது? நான் உன்கூடத் துணைக்கு வர்றவ, அவ்வளவுதான்."

நடைமேடையில் எல்லோரும் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா அது, அந்தப் பிள்ளையோட அம்மா?"

"நான்தாங்க," என்றேன்.

(அவள் என்று எழுதவில்லை, பாருங்கள்.)

"அப்ப இங்க ஏன்மா நிக்கிறே? ஓடு!"

6

ஓடினேன். மேம்பாலத்துப் படியில் பாதி ஏறியபோது ஒலிபெருக்கி மறுபடி பேசியது. "கண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவ முன்னாடி கேக்கமாட்டேன்." அந்த நேரம் பார்த்து ஏழு நாற்பது வண்டி தடதடவென்று உள்ளே நுழைந்தது. சத்தம் அடங்கியபோது ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும்தான் இருந்தது.

பிறந்தது பெண். வயது ஆறு. விடுமுறை நாளில் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அறிவிப்பு முடிந்ததும் சுவிட்சை அணைப்பது அவள் பொறுப்பு. "ஆஃப் பண்ணிட்டேன் பெரியம்மா!"

அன்று என்ன கேட்டாள் என்று மைக்கக்காவை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அது எனக்கும் அதுக்கும் நடுவுல. நீதான் கதைக்காரியாச்சே, எழுதிக்கோ." மகளைக் கேட்டால், "எனக்கு ஞாபகம் இருக்கே, சொல்லமாட்டேனே" என்று சிரிக்கிறாள். கழுதை, சும்மா சொல்கிறது.

நானும் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றிலும் அவள் குரல் வரவில்லை. அந்த வரியில் 'அம்மா' என்ற சொல் இருந்தாலும் இருக்கட்டும், இப்போது எனக்குப் பயமில்லை. ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திப் பிழைக்கிறவள்தான். இந்த ஒரு வரியில் மட்டும் கைவைக்கமாட்டேன்.

நீங்கள் அன்று காலை முதல் நடைமேடையில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றவராக இருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். நிற்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என்னிடம் காட்ட வேண்டாம்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவ முன்னாடி கேக்கமாட்டேன். நீ