வட்டையில் விளையாத நெல்

மருதமுனைச் சந்தையில் மீனின் செவுளைப் பிளந்து பார்க்காமல் காசு நீட்டாதவர் அபுல் ஹஸன். தராசை நம்பமாட்டார். டாக்டரை நம்பமாட்டார். பேங்கில் பணம் போட்டால் மறுநாளே போய், இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்தோராம் வயதில், போனில் மின்னிய கிரிக்கெட் சூதை நம்பினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மூளை அவ்வளவுதான் போகும் என்று பிறகு தன்னையே திட்டிக்கொண்டார்.

கூத்து என்னவென்றால், வென்றுவிட்டார். தோற்றிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது. இருபது இலட்சம் பேங்குக்கு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருமான வரிக் கந்தோர்க் கடிதமும் வந்தது.

கடிதத்தைப் பிரித்தவள் மனைவி சுபைறா. சூது என்ற சொல் காதில் விழுந்தாலே வாய் கொப்பளிக்கிறவள். வீடும் அவளுடைய சீதன வீடு. கோபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவர் அபுல் ஹஸன்தான்.

"இஞ்சாருங்க, இருவது லெச்சம் எங்கால வந்த எண்டு கேட்டிரிக்கான்."

"நெல்லுக் காசி புள்ள. இந்த முறை நல்ல விளைச்சல். வட்டையில வெச்சே வித்துட்டன்."

இறக்காமத்து வயல்வெளியான அந்த வட்டையில் அவருடைய நெல்லை யானை மிதித்ததும், மிஞ்சியது வீட்டில் அடுக்கியிருக்கும் பதினாலு மூடைதான் என்பதும் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் யானைக்கும் மட்டுமே தெரியும்.

கந்தோரில் அதிகாரி தக்சாயினி கேட்டார்: "என்ன வழியில வந்த வருமானம், ஐயா?"

பொய் எழுதினால் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான். அபுல் ஹஸன் குனிந்து முணுமுணுத்தார்.

"ஃபேன் சத்தம். உரத்துச் சொல்லுங்க."

"சூது, மகள், சூது!"

நல்ல காலம், பின்னால் நின்ற மூன்று பேரும் தூரத்துக் கோமாரி ஊர்க்காரர்.

வரியைக் கட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. எழுபது வருஷமாக நம்பாத அரசாங்கத்துக்கு உண்மை. ஐம்பது வருஷமாகச் சோறு போட்டவளுக்குப் பொய்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாசலில் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியோடு வந்து நின்றது. ஏழைகளுக்கான பங்கை வசூலிக்கும் பள்ளிவாசல் ஸகாத் கமிட்டி மிஹ்லார், கூடவே இரண்டு சுமைகாரர்.

"ஹஸன் காக்கா, மாஷா அல்லாஹ்! இருவது லெச்சத்துக்கு நெல்லு வித்திரிக்கீங்களாமே. சுபைறா ராத்தா சொல்லி அனுப்பினா. தண்ணி பாய்ச்சின வயல், இருவதில ஒரு பங்கு. ஒரு லெச்சம், நெல்லாப் பதிமூணு மூடை வருகிது."

சுபைறாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தேத்தண்ணி வேறு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

காசாகத் தருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சூதுக் காசை ஸகாத்தாகக் கொடுக்கும் அளவுக்கு அவர் துணிந்த கள்ளன் இல்லை. ஒரு மூடை ஏறியது. இரண்டு, மூன்று. ஒரு வருஷச் சோறு கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது மூடையில் கஞ்சத்தனம் வெட்கத்தை வென்றது.

"இறக்குங்கடா! அது நெல்லுக் காசில்ல. போன்ல விளையாடின சூதுக் காசி!"

மிஹ்லார் தேத்தண்ணியை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். மூடைகள் வந்த வழியே உள்ளே போயின. லேண்ட்மாஸ்டரின் சத்தம் தெருமுனை தாண்டியதும் சுபைறா கதவைச் சாத்தினாள்.

"வரி கட்டி மிச்சம் எவ்வளவு?"

"பதினேழு லெச்சம்."

"அதில ஒரு சதம் என்ட ஊட்டுக்குள்ள வரப்படாது. இல்லாட்டி நீங்க வரப்படாது. ஹறாம் காசிக்கு ஊரில ஒரு வழி இரிக்கி. தெரியும்தானே?"

தெரியும். பொதுக் கக்கூஸ். நன்மையை எதிர்பார்க்காமல், பெயரும் போடாமல் கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது சந்தைக்குப் பின்னால், மாபிள் பதித்து, நாலு அறையோடு நிற்கிறது. போன கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் அபுல் ஹஸனுக்கு வயிறு கலக்கியது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டினான்.

"இருவது ரூபா, காக்கா."

கட்டினவன் நான்தான் என்று சொல்ல முடியுமா? நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். மிச்ச எண்பதை இரண்டு தரம் எண்ணிய பிறகே உள்ளே ஓடினார்.