வந்தவள் கொண்டுவந்த நோய்

“ஞாயித்துக்கிழமை அவங்க வந்து கேட்டா, இந்த இளைப்பு உங்கப்பா வழியில வந்ததுன்னு உன் வாயாலேயே சொல்லிடு. நாங்க சொன்னா மழுப்புறோம்னு நினைப்பாங்க.”

மாமியார் இதைச் சொன்னபோது மருமகளின் மடியில் ஆறு வயது மகள் முகத்தில் மாட்டிய மூடி வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கி மீண்டது. ஜாக்கெட் தைக்க வந்த துணியெல்லாம் தையல் மெஷின் மேல் வெட்டியபடியே கிடந்தது.

நாத்தனாருக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வரன் வந்திருந்தது. நல்ல இடம். அதற்குள் யாரோ புண்ணியவான், ‘அந்த வீட்டுக் குழந்தைக்கு மூச்சிளைப்பு, பரம்பரையோ என்னவோ’ என்று அவர்கள் காதில் போட்டுவிட்டான்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் கட்டி முடித்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

“சரி அத்தை, சொல்றேன்” என்றாள் அவள்.

நாத்தனார் நல்ல பெண். அவளுக்காக இந்தப் பழியையும் சுமந்துவிடலாம் என்று நினைத்தாள். புதிதாக ஒன்றும் இல்லையே. அவளுடைய அப்பா இதே ஊர் சிமெண்டு ஆலையில் இருபத்தைந்து வருஷம் மூட்டை தூக்கி, இருமி இருமியே போய்ச்சேர்ந்தவர். குழந்தைக்கு முதல்முறை இளைத்த அன்றே மாமியார், “சீக்குப் பிடிச்ச வம்சத்தை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க” என்று ஆரம்பித்தார். அது இன்றுவரை நிற்கவில்லை. கேட்டுக் கேட்டு, தன் ரத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அதனால் இரண்டாவது குழந்தையே வேண்டாம் என்றும் இருந்துவிட்டாள்.

டாக்டர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். “எந்தத் தெரு நீங்க? இந்த வாரம் அங்கிருந்து வர்ற ஒன்பதாவது குழந்தைம்மா இது. கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசி, மூக்குல நிக்காது. நேரா நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். வளர்ற நுரையீரல் அதைத் தாங்காது. பெரியவங்களுக்கே இதயம் வரைக்கும் கெடுத்துடும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “எங்க தெருவுல காத்து சுத்தம் சார். முனையில போர்டே இருக்கு, தினமும் பச்சை விளக்குதான் எரியுது. சிமெண்டு ஆலையில அதை அளக்கிறதே எங்க வீட்டுக்காரர்தான்” என்று பெருமையாகவே பதில் சொல்லிவிட்டு வந்தாள். தெருவே அவனை ‘மீட்டர்காரர்’ என்றுதான் கூப்பிட்டது. அவன் போடும் எண்ணைப் பார்த்துத்தான் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். குழந்தைகளை விளையாட அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மகளின் மருந்து தீர்ந்துபோனது. சீட்டு கணவனின் பையில் இருந்தது. நாலு முறை போன் அடித்தும் அவன் எடுக்கவில்லை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆலைக்கே ஓடினாள். வாட்ச்மேன் அவளைத் தெரிந்தவர். “மொட்டை மாடியில இருக்கார், போம்மா” என்றார்.

மாடியில், காற்றை உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான் அவன். துணி உறை ஒன்றைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, குழாயின் வாயில் மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினான். நாலு மடிப்புப் பருத்தித் துணி, நீல நூல் ஓரத்தையல். அவள் தைத்ததுதான். ‘மெஷின்ல தூசி படியாம இருக்க மூடி வேணும், நெருக்கமா தைச்சுக் குடு’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கிப்போவான்.

“ஏங்க… அளக்கும்போதா இதை மாட்டுவீங்க?”

அவன் திடுக்கிட்டு எழுந்தான். “நீ எதுக்கு இங்க வந்த?”

அவள் குனிந்து நாடாவை அவிழ்த்து உறையை உருவினாள். மீட்டரின் கண்ணாடித் திரையில் நாற்பத்தெட்டில் நின்றிருந்த எண் எண்பதானது. நூற்றிருபது. இருநூற்றுப் பத்து. முந்நூறைத் தாண்டியும் நிற்கவில்லை. அவன் உறையைப் பிடுங்கி மறுபடியும் மாட்டினான்.

“எத்தனை வருஷமா?”

“கத்தாத. கீழே மேனேஜர் இருக்கார்.”

“எத்தனை வருஷமான்னு கேட்டேன்.”

“வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து. இப்படித்தான் செய்யணும்னு சொன்னாங்க. இல்லேன்னா வேற ஆளை வெச்சிருப்பாங்க.”

“அப்போ பாப்பாவுக்கு எதனால இளைக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவன் வாளியைப் பார்த்தான்.

“உங்கம்மா எங்கப்பாவை, என் வம்சத்தை இழுத்துப் பேசினப்ப எல்லாம் பக்கத்துலதானே இருந்தீங்க? தெரிஞ்சுதானே வாயை மூடிட்டு இருந்தீங்க?”

“இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது? ஞாயித்துக்கிழமை ரெண்டு வார்த்தை சொல்லிடு. நீதான் பழகிட்டியே.”

அவள் கையை நீட்டி, “மருந்துச் சீட்டைக் குடுங்க” என்றாள். வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, இடுப்பில் கைக்குழந்தையோடு அவர்கள் வீட்டு மூத்த மருமகள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை, கதவோரமாக நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார். “பேத்திக்கு ஏதோ இளைப்புன்னாங்களே. யார் வழியில வந்தது?”

மாமியார் தாடையால் ஜாடை காட்டினார். மருமகள் நிமிர்ந்து சொன்னாள்:

“யார் வழியிலயும் வரலைம்மா. ஆலைத் தூசியில வந்தது. எங்கப்பாவுக்கும் அதான். போர்டுல வர்ற எண் பொய். குழாய்க்கு ஈரத்துணி கட்டித்தான் அளக்குறாங்க. நானே கண்ணால பார்த்தேன். ஏன், அந்த உறையைத் தைச்சுக் குடுத்ததே நான்தான். இதோ இருக்கார், கேளுங்க.”

எல்லோரும் மீட்டர்காரரைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் வேர்த்தது. பிறகு சிரித்தான்.

“பெரிசா எடுத்துக்காதீங்க. குழந்தையைப் பார்த்துப் பார்த்து இவளுக்குச் சரியான தூக்கமில்ல. எதையாவது நினைச்சுக்கிறா.”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் பல்லைக் கடித்தார். இடம் கைவிட்டுப் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“இதுக்கா இவ்வளவு? எங்க வீட்டுலயும் இதே கதைதாங்க. சொன்னா நீங்க பின்வாங்கிடுவீங்களோன்னு நாங்க பயந்துட்டு இருந்தோம்.” கதவுப் பக்கம் கை காட்டினார். “இதோ, இவ பெத்ததுக்கும் பொறந்ததுலேருந்து இளைப்பு. நம்ம ரத்தத்துல ஏது? எல்லாம் வந்தவ கொண்டுவந்தது.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று மாமியார் முகம் மலர்ந்தார். “ரெண்டு வீட்டுக்கும் ஒரே தலையெழுத்து.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நாள் பார்க்கும் பேச்சும் தொடங்கிவிட்டது.

மருமகள் அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே அந்த மூத்த மருமகள் வந்தாள். கைக்குழந்தையின் நெஞ்சு கர்கர்ரென்றது.

“எங்கப்பாவுக்கு இருமலே கிடையாதுங்க” என்றாள் அவள், மெல்லிய குரலில். “ஆனா சொல்லிச் சொல்லி, எனக்கே அது நிஜம்தானோன்னு ஆயிடுச்சு. எங்க தெருவுல என்னை மாதிரி இன்னும் நாலு மருமகளுங்க இருக்காங்க. நீங்க பார்த்ததை அவங்ககிட்டயும் சொல்வீங்களா?”

“எப்ப சொல்லணும்?”

“இப்பவே வந்தா எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க.”

மருமகள் அடுப்பை அணைத்தாள். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் கதவைத் திறந்தாள். கூடத்திலிருந்து கணவனின் குரல் கேட்டது: “டீ என்ன ஆச்சு?”

இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.