பெடலுக்கு அடியில் ஒரு கட்டை

என் பட்டறைக்கு வந்த வேனுக்கு நீலம் பூசியிருந்தார்கள். பூசிவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? பிரேக் குழாயில் நான் சுற்றிக் கட்டிய செப்புக் கம்பி அப்படியே இருந்தது. என் தங்கை புருஷன் ஓட்டிய வண்டி. போன வருஷம் நீண்ட இறக்கத்தில் பாலத்துச் சுவரில் மோதி, அவர் உயிரை வாங்கிய வண்டி.

இப்போது அதை ஒரு ரொட்டி வியாபாரி வாங்கியிருந்தார்.

"பேய் வண்டிங்க. சிக்னல்ல பிரேக்கை மிதிச்சுட்டு நிக்கறேன், பெடல் தானா இறங்குது. என் கால் மேல இன்னொருத்தர் காலை வச்சு அழுத்துற மாதிரி. மறுபடி மிதிச்சா மேல வந்துடுது. ஆயிலும் குறையல."

"பேய்க்கு வேற வேலை இல்லையா?" என்று சிரித்து அவரை அனுப்பினேன். வாய்தான் சிரித்தது.

கிறீச்சென்று கத்தினால் பிரேக் பேட் தேய்ந்திருக்கும். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. இதெல்லாம் சொல்லிவிட்டு வருகிற கோளாறுகள். ஆயில் ஒழுகாமல் பெடல் மட்டும் இறங்கினால் பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கிழிந்திருக்கிறது. அது ஊமைக்குசும்பு பிடித்த கோளாறு; வெளியே எதுவும் தெரியாது. விபத்தைப் பார்க்க வந்த அதிகாரிக்கும் தெரியவில்லை. பெடலை நாலு மிதி மிதித்துவிட்டு, பிரேக் சரியாக இருக்கிறது, டிரைவர் தூங்கிவிட்டார் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரிதான் என் தங்கையைத் தின்கிறது. முந்தின ராத்திரி அவரோடு சண்டை போட்டு, விடிய விடியத் தூங்கவிடாமல் செய்தவள் அவள்.

சிலிண்டரைக் கழற்றினேன். அதே பழைய சிலிண்டர். ரப்பரின் விளிம்பு கிழிந்திருந்தது. சிலிண்டருக்குள், பெடல் வழக்கமாகத் தள்ளாத ஆழத்தில் துரு.

விபத்துக்கு முந்தின வாரம் நானும் அவரும்தான் இதன் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்தோம். நான் சக்கரத்தடியில், அவர் சீட்டில். "பிடி" என்பேன். "பிடிச்சிருக்கேன் மச்சான்" என்பார். நான் நிப்பிளைத் திறந்ததும் காற்றும் ஆயிலும் வெளியேற, பெடல் தரைவரை இறங்கும். பழைய சிலிண்டர் என்றால் அப்படி இறங்கவிடக் கூடாது, ரப்பர் துருவில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்க வேண்டும். பட்டறையில் எல்லாரிடமும் இதைப் படித்துப் படித்துச் சொல்பவனே நான்தான். அன்றைக்குக் கட்டை பெஞ்சுக்கு அடியில் உருண்டு கிடந்தது. குனிந்து எடுக்கச் சோம்பல்.

"நம்ம வண்டிதானே, விடு" என்று நானே சொன்னேன்.

புது சிலிண்டர் மாட்டி, வண்டிக்கடியில் படுத்தேன். பழக்கதோஷத்தில் வாய் "பிடி" என்றது.

"பிடிச்சிருக்கேன் மச்சான்."

சத்தியமாகக் கேட்டது. எழுந்து பார்த்தேன். சீட் காலி.

சாப்பாட்டுக் கேரியரோடு தங்கை வந்து நின்றாள். நீல வண்டியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆள் இல்லையாண்ணே? நான் மிதிக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். "இந்தக் கட்டை எதுக்கு?"

புது சிலிண்டருக்கு அது தேவையே இல்லை. பயத்தில் வைத்திருந்தேன். மறுபடி சக்கரத்தடியில் படுத்து, கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: யார் வண்டி, எது கிழிந்தது, யாரால். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.



"அப்ப அவரு தூங்கலையா?"

"இல்லம்மா."

"கடைசி வரைக்கும் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தாரா?"

"ஆமா."

அவள் அழுதாள். இறங்கிப் போய்விடுவாள் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"இத முடிச்சதும் என்கிட்ட பேசாத" என்றாள். "பிடிச்சிருக்கேன். திற."